மத்தேயு விட்டுவிட்ட ராஜாக்கள்

நான்காவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் இரண்டு பெஞ்சும் குடும்பத்தாருக்கு, மூன்றாவது சம்பந்திமாருக்கு, நான்காவது யாருக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை, அதனால் எனக்குப் பொருத்தமாக இருக்கிறது. பக்கத்தில் கனகமணி சித்தி, அம்மாவின் தங்கை, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள், அழுகைக்கு நடுவில் என் சேலையையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறாள், வெள்ளைதான் சித்தி, கரைகூட இல்லை, போதுமா. அப்பா பலிபீடத்துக்கு முன்னால் பெட்டிக்குள் கிடக்கிறார். இங்கிருந்து மூக்கு நுனி மட்டும் தெரிகிறது, அதுவும் மாலைக்கும் லேஸ் துணிக்கும் நடுவில். பெட்டியின் தலைமாட்டில் அம்மா, கல்லாய் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தடவை திரும்பினாள், என்னைத்தான் தேடினாள் என்று நினைத்தேன், மேலே ஃபேனைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். எல்லா ஃபேனிலும் பெயர் எழுதியிருக்கிறது. என் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனில் மோட்டாரைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டில் யாரோ ஒருவருடைய தாயாரின் ஞாபகார்த்தமாக என்று இருக்கிறது, பெயர் மட்டும் ஒட்டடையில் மறைந்து கிடக்கிறது. பெஞ்சில் பெயர், ஜன்னலில் பெயர், டியூப் லைட்டில் பெயர், காணிக்கைத் தட்டின் அடியில் பெயர். இந்தக் கோயிலில் பெயரில்லாமல் இருப்பது கர்த்தர் ஒருவர்தான் என்று யோபுவிடம் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று உண்டு, அப்போது சிரிக்க முடிந்தது.

யோபு உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் கார்காரர்களோடு நிற்கிறார். "நா வந்தா அவுக மொகம் மாறும், நீ நிம்மதியா அழு, போ" என்றார். இவரும் இதே சேகரம்தான், இதே சபைதான், இதே கோயிலில்தான் ஞானஸ்நானம், இதே பலிபீடத்தில்தான் திடப்படுத்தல், ஆனால் அவர்கள் தெரு வேறு. பரலோகத்தில் எல்லாருக்கும் ஒரே வீடாம், இங்கே மட்டும் அவர்களுக்குக் கடைசி நாலு பெஞ்சு. இவரைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய் இருபது வருஷம் ஆகிவிட்டது, அந்த இருபது வருஷத்தில் அப்பா ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, போனை எடுத்து ஹலோ சொல்லவில்லை. அம்மா கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் சித்தி வீட்டுப் போனிலிருந்து பேசுவாள், திருடுகிறவள் மாதிரிக் குசுகுசுவென்று. முந்தாநாள் அண்ணன் ரெஜினால்டு கூப்பிட்டான். "அப்பா போயிட்டாவ. கடைசியில ஒன்னத்தான் கேட்டாவ. வா" என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து இங்கே வருகிறவரைக்கும் பஸ் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். கேட்டாராம். என்ன கேட்டார், எப்படிக் கேட்டார், எப்சிபா எங்கே என்றா, அந்தக் கழுதை எங்கே என்றா, கழுதை என்றாலும் சரிதான், கேட்டாரே.

இப்போது கீர்த்தனை முடிகிறது. இனி ஜெபம், வேதவாசிப்பு, அதற்குப் பிறகு ஜீவிய சரித்திரம். அதற்குத்தான் காத்திருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்பாவுக்காக அழக்கூட இன்னும் முழுசாக ஆரம்பிக்கவில்லை, அந்த ஒரு வரிக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் செத்தவரை முன்னால் வைத்துக்கொண்டு அவருடைய கதையை எழுதி வாசிப்பார்கள். எங்கே பிறந்தார், எந்தப் போதகர் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார், சபைக்கு என்ன செய்தார், கடைசியில் பிள்ளைகள் யார், மருமக்கள் யார், யார் எந்த ஊரில் என்ன உத்தியோகம். அந்த வரிசையில் பெயர் வந்தால் பிள்ளை, வராவிட்டால் பிறக்கவே இல்லை. மதுரையில் என்னைப் பற்றிக் கேட்டால் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு நடத்துகிறவள் என்பார்கள், எனக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு, அதெல்லாம் இந்தக் கோயில் வாசற்படியோடு சரி, இங்கே என் பெயரை ரெஜினால்டு வாயால் சொன்னால்தான் உண்டு. காலையில் வீட்டு வாசலில் அவனிடம், "சரித்திரம் நா எழுதித் தரட்டுமா அண்ணே" என்று கேட்டேன், எழுதத் தெரிந்தவள் நான்தானே வீட்டில். "வேண்டாம், அது ரெடியா இருக்கு" என்றான், முகத்தைப் பார்க்காமல் சொன்னான். சரிதான், எழுதிவிட்டான் என்று தெரிந்துகொண்டேன், கருப்பட்டி மண்டியில் லாரிக்குச் சீட்டு எழுதுகிற கையால் எழுதிவிட்டான். அதில் நான் இருப்பேனா. மைனி, அவன் பெண்டாட்டி, விடுவாளா. அவள் தங்கைக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

வேதவாசிப்புக்கு மத்தேயுவிலிருந்து எடுத்திருக்கிறார்கள், அப்பாவுக்குப் பிடித்தது என்று ஐயர் சொல்கிறார். பிடிக்கும், பிடிக்காமல் என்ன, ராத்திரி குடும்ப ஜெபத்தில் மற்ற வீடுகளில் சங்கீதம் வாசித்தால் எங்கள் வீட்டில் மத்தேயு முதலாம் அதிகாரம் வாசிப்பார்கள், இன்னான் இன்னானைப் பெற்றான் என்று அந்த நாற்பது பெயரையும் அப்பா சாப்பாட்டை ரசிக்கிற மாதிரி ரசித்து வாசிப்பார். "வேருல இருந்து ஆரம்பிச்சான் பாரு, அவந்தான் எழுத்தாளன்" என்பார். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பில் நான் பலகையில் எழுதுவதும் அதுதான், மத்தேயு, ஆசிரியர், நோக்கம். பிள்ளைகள் வந்த அன்றே குழம்பிப்போவார்கள். மத்தேயு எழுதினது என்று எங்கேயும் உள்ளே இல்லை, தலைப்பு பிறகு வந்தது, வரி வசூலிக்கிற ஆயத்துறைக்காரன் மத்தேயு எழுதினான் என்பது சபை காலங்காலமாகச் சொல்லி வருவது, கூடவே இருந்து கண்ணால் பார்த்தவன் மாற்கு எழுதினதைப் பார்த்து எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அப்படியானால் எழுதினது யார், தெரியாது. ஆனால் எதற்கு எழுதினான் என்பது தெரியும், இவர் நம்ம ஆள், தாவீதின் வம்சம், நம்ம தெரு, வெளியாள் இல்லை என்று தன் ஜனத்துக்கு நிரூபிக்க எழுதினான். அதற்காகத்தான் வம்ச வரிசை. மூன்று பதினான்கு தலைமுறை என்று அடுக்கினான், அடுக்கு சரியாக வர வேண்டுமே, யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் மூன்று ராஜாக்களைத் தூக்கி வெளியே போட்டுவிட்டான். அகசியா, யோவாஸ், அமத்சியா. சிங்காசனத்தில் இருந்து ஆண்ட மனுஷர்கள், அவர்களும் ஒருத்தி வயிற்றில் பத்து மாதம் கிடந்தவர்கள்தான். மிஸ், அது தப்பில்லையா என்று ஒரு பிள்ளை ஒவ்வொரு வருஷமும் கேட்கும். தப்பு சரி இல்லைம்மா, நோக்கம், ஆசிரியனுக்கு ஒரு நோக்கம் இருந்தால் சிலபேர் விடுபடுவார்கள் என்பேன், இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். தாமாரைச் சேர்த்தான், ராகாபைச் சேர்த்தான், ரூத்தைச் சேர்த்தான், வேறு ஜாதிக்காரிகளைச் சேர்த்தானே என்று அதையும் சொல்வேன். நாலாமவளை மட்டும் உரியாவின் மனைவி என்றான். ஒருத்தன் பெண்டாட்டி, அவ்வளவுதான் அவள். என்னையும் யோபுவின் மனைவி என்றாவது போடேன் ரெஜினால்டு, அது போதும், பெயர்கூட வேண்டாம்.

எழுந்துவிட்டான். கறுப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை, வழுக்கை அப்பாவுடையது அப்படியே. மைக்கைத் தட்டிப் பார்க்கிறான், அது கூ என்கிறது, ஒரு குழந்தை அழுகிறது. "கர்த்தருக்குள் நித்திரையடைந்த திரு. வேதக்கண் அவர்களுடைய ஜீவிய சரித்திரம்" என்று ஆரம்பிக்கிறான், சித்தி ஓவென்று ஒரு சத்தம் போட்டு அடங்குகிறாள். என் வேலையே இதுதானே, யார் சொல் எது என்று பிரிப்பது, காது தானாகப் பிரிக்கிறது. "தேவகிருபையால் வளர்ந்து ஆளாகி", இது எல்லாச் சாவுக்கும் ஐயர் கொடுக்கிற வரி. "வியாபாரத்தில் உண்மையும் உத்தமமுமாய்", இது மண்டிக் காலண்டரில் அச்சடித்திருப்பது, அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான், பாவி. "பொன்னையா ஐயர் ஊழியக் காலத்தில் இருமுறை சேகரச் செயலராய் இருந்து, மூன்றாம் முறை சமாதானத்தின் நிமித்தம் விலகி". இதற்கு எனக்குச் சிரிப்பு வருகிறது. விலகினாரா. நாற்பது ஓட்டில் தோற்றார், தோற்ற அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முற்றத்தில் பறந்தது, மீன் குழம்பு சுவரெல்லாம். ஊருக்கே தெரியும், ரெஜினால்டுக்கும் தெரியும், அவன்தான் சுவரைக் கழுவினான். சமாதானத்தின் நிமித்தம் என்று அவனுக்கு எப்படி வந்தது கைக்கு. அப்பா மட்டும்தான் அப்படிச் சொல்லுவார், சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். அப்பா சொன்னதைக் கேட்டு எழுதியிருப்பான். இருக்கலாம். வாசிக்கும்போது தடுக்கி விழுகிறானே, தான் எழுதினதை ஒருத்தன் இப்படியா வாசிப்பான்.

"கோபுரத்துக்குப் பேராயர் அவர்கள் அஸ்திபாரக் கல் நாட்டுவதற்கு முந்தின சாயங்காலம், ஒருவரும் அறியாமல் குழியில் முதல் கல்லை இட்டு ஜெபம்பண்ணினார்கள்" என்று வாசித்துவிட்டு ரெஜினால்டு நிமிர்ந்தான். ஒரு கணம்தான். அவனுக்கே அது புதுசு. ஒருவரும் அறியாமல். ஒருவரும் அறியாததை எழுதினது யார். இதையும் பிள்ளைகள் கேட்பார்கள், கெத்செமனேயில் சீஷர்கள் மூன்று பேரும் தூங்கிவிட்டார்களே மிஸ், இயேசு தனியாக ஜெபித்ததை யார் கேட்டு எழுதினது என்று, நான் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். இதில் சமாளிக்க ஒன்றும் இல்லை. அந்தக் குழியருகில் இரண்டே பேர்தான் இருந்தோம், அப்பாவும் நானும். எனக்குப் பத்து வயசு. கொத்தனார்கள் போய்விட்டார்கள், பந்தலில் காகிதத் தோரணம் காற்றில் சரசரவென்று அடித்தது, அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக் குழிக்குள் இறக்கினார், இடுப்பளவு குழி, புது மண் சில்லென்று இருந்தது. "ஒரு கல்லப் போடுளா, மொதக் கல்லு ஓங் கல்லு" என்றார். ஒரு செங்கல் துண்டை வைத்தேன். ஜெபம் பண்ணினது அவர், கல்லை வைத்தது நான். குழாயடியில் காலைக் கழுவிவிட்டார், பாவாடையில் மண் இருந்ததைத் தன் துண்டாலேயே துடைத்தார். "யாருகிட்டயும் சொல்லப்பிடாது, பிஷப்பு வச்சதுதான் மொதக் கல்லுன்னு இருக்கட்டும், நமக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். நான் சொல்லவில்லை. யோபுவிடம்கூடச் சொன்னதில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை, பெரிய விசுவாசி நான்.

அப்படியானால் இது அப்பா எழுதினது. ரெடியா இருக்கு என்றானே, எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், மண்டியில் உட்கார்ந்தோ கட்டிலில் படுத்துக்கொண்டோ, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, தன் சரித்திரத்தைத் தானே. தன்னைத் தவிர யாரையும் நம்பாத மனுஷன், சாவையும் பிறர் கையில் விடவில்லை. ஐயோ அப்பா. ஞாபகம் வைத்திருந்தீர்களா. அந்தச் சாயங்காலத்தை, குழியை, என்னை. அந்த வரியில் என் பெயர் இல்லைதான், அதனால் என்ன, யாருகிட்டயும் சொல்லப்பிடாது என்று சொன்னவர் அவர், வாக்கு மாறாதவர், அங்கே சொல்ல மாட்டார், கடைசியில் சொல்வார். ரெஜினால்டு எழுதியிருந்தால் பயம், அப்பா எழுதினதில் என்ன பயம். கடைசியில் என்னைக் கேட்டவர். நாற்பத்துநாலு வயசில் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவள் மாதிரி நிற்கிறது மனசு, சித்தியின் கையைப் பிடித்துவிட்டேன், அவள் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தட்டிக்கொடுக்கிறாள். எப்படிப் போட்டிருப்பார். ஏக குமாரத்தி என்றா. மகள் எப்சிபா, மதுரை, இறையியல் கல்லூரிப் பேராசிரியை, மருமகன் யோபு, மின்வாரியம். மருமகன் யோபு. இந்த ஸ்பீக்கர் வேப்பமரம்வரைக்கும் கேட்கும். இவர் காதில் விழும்.

"அன்னாருக்கு இரண்டு குமாரர். மூத்தவர் ரெஜினால்டு, சொந்த வியாபாரம். இளையவர் கிளாட்சன், மஸ்கட். மருமக்கள் இருவர். பேரப்பிள்ளைகள் மூவர்." அவ்வளவுதான். அடுத்த வரிக்குப் போய்விட்டான், சுகவீனம், ஆஸ்பத்திரி, அதிகாலை, மகிமையில் பிரவேசித்தார். ஆமென் என்கிறார்கள். என் வாயும் ஆமென் என்றுவிட்டது, பழக்கம். சித்தி என் கையை மெதுவாக விட்டாள். "எழுதினவன் கையி முறிய" என்றாள் காதுக்குள், அவளும் ரெஜினால்டு என்றுதான் நினைக்கிறாள். எழுதின கையை மார்பில் மடித்து வைத்திருப்பார்கள் சித்தி, அங்கே, வெள்ளைக் கையுறை போட்டு, முறிக்க வேண்டியதில்லை. இருபது வருஷமாக நானும் மற்றவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஊர் விடவில்லை, தெரு விடவில்லை, மைனி விடவில்லை, அப்பா மனசு எப்பவோ இறங்கிவிட்டது, சொல்லத்தான் ஆளில்லை என்று எனக்கு நானே ஒரு சுவிசேஷம் எழுதி வைத்திருந்தேன். ஒருத்தரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. தனியாக உட்கார்ந்து, நிதானமாக, அடித்துத் திருத்தி, மூவரில் ஒருத்தியை விட்டுவிட்டு இரண்டு என்று எழுதியிருக்கிறார். பேத்தி ஒருத்தி மதுரையில் காலேஜ் படிக்கிறாள், தாத்தாவின் நெற்றி அவளுக்கு, அவளையும் சேர்த்தே விட்டிருக்கிறார்.

ஆனால் அந்தக் கல். அதை எதற்கு எழுதினார். அதைத்தான் மனசு விடமாட்டேன் என்கிறது. சபைக்கு அது வேண்டாம், ஒருத்தருக்கும் அது இதுவரை தெரியாது, இப்போது தெரிந்ததும் பிஷப்பை முந்திக்கொண்டான் என்று இன்னும் நாலு வார்த்தை திட்டத்தான் செய்வார்கள். யாருக்கு எழுதினது என்று கேள், நோக்கம் தானே வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேனே. இந்தக் கோயிலில் இத்தனை தலைகள் இருக்கின்றன, அந்த வரி ஒருத்திக்குத்தான் புரியும். வருவாள், எங்கேயாவது ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள், கேட்பாள் என்று எழுதியிருக்கிறார். எனக்கு எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வெறுமனே வெறுத்துவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன். மறக்கவில்லை மகளே, ஆனால் வெளியே சொல்ல முடியாது, நமக்குத் தெரிஞ்சாப் போதும் என்கிறார். போதாது அப்பா. பத்து வயசில் போதும் என்று இருந்தது. ஊர் முழுக்க மைக்கில் இரண்டு என்று சொல்லிவிட்டு, என் காதில் மட்டும் மூன்று என்று சொன்னால் அதற்குப் பெயர் பாசமா. ராகாபின் பெயரை எழுத அந்த மத்தேயுவுக்குத் தைரியம் இருந்தது, அவன் யாரென்றுகூட யாருக்கும் தெரியாது, உங்களுக்கு உங்கள் சொந்த மகள் பெயரை எழுதத் தைரியம் இல்லை, செத்தபிறகு வாசிக்கப்போகிற தாளில்கூட இல்லை. செத்தவரை ஊர் என்ன செய்துவிடும். அந்தப் பயம் எதற்கு. வெளியே யோபுவும் கேட்டிருப்பார். முகம் ஒன்றும் மாறியிருக்காது, பழகினவர், அதுதான் என்னைக் கொல்கிறது.

ஐயர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார், வெயிலுக்கு முன் எடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். "பெட்டியை மூடுமுன் குடும்பத்தார் மாத்திரம் முன்வந்து முகம் பார்க்கலாம்" என்கிறார். அம்மாவை இரண்டு பேர் தாங்கி எழுப்புகிறார்கள். ரெஜினால்டு குனிந்து நெற்றியில் முத்தமிடுகிறான், கிளாட்சன் தேம்பித் தேம்பி அழுகிறான், மஸ்கட்டிலிருந்து ராத்திரிதான் வந்தானாம், மைனியும் மற்றவர்களும் ஒவ்வொருவராக. நான் இன்னும் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டிலும் பார்க்கவில்லை, இங்கேயும் அந்த மூக்கு நுனிதான். இருபதடி தூரம் இருக்குமா, போய்விடலாம், ஒருத்தரும் தடுக்க மாட்டார்கள், ரெஜினால்டு என்னைப் பார்த்து மெல்லத் தலையைக்கூட அசைக்கிறான், வா என்கிறான், பாவம் அவன், கொடுத்ததை வாசித்தான், அவ்வளவுதான். கால் எழும்பத் துடிக்கிறது. முகம் எப்படி இருக்கும், கிழவராகியிருப்பாரே, நான் பார்த்தது கறுப்பு மீசை. சித்தி என் முழங்கையை இடிக்கிறாள்.

"எந்திளா. மூடப் போறாவ. பெத்த அப்பன் மொகத்த ஒரு தடவ பாத்துட்டு வா."

"குடும்பத்தாரத்தான சித்தி கூப்பிட்டாவ."

"கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? நீ யாரு பின்ன? எந்தி, எந்தி."

"ரெண்டு பிள்ளைகதான சித்தி அவருக்கு" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, மூன்றாவது பெஞ்சில் சம்பந்திமார் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டு பேரும் பாத்தாச்சு. மூடச் சொல்லு."